அப்பாவுக்குப் பத்தாயிரத்துக்குள் போன்: ரெட்மி ஏ4 5ஜியா, கேலக்ஸி எஃப்06 5ஜியா?

தொண்ணூறடி_ரோடு:

வணக்கம் மக்களே. அப்பாவுக்கு ஒரு போன் வாங்க வேண்டும். பட்ஜெட் பத்தாயிரம், இழுத்துப் பிடித்தால் பதினொன்று. சுற்றிச் சுற்றி இரண்டு போனில் வந்து நிற்கிறேன்: ரெட்மி ஏ4 5ஜி, சாம்சங் கேலக்ஸி எஃப்06 5ஜி. மூன்று நாளாக யூடியூப்பில் ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்டுத் தலை கிறுகிறுத்துப் போய்த்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் கேள்வி புரியும். நாங்கள் மும்பை தாராவி. முப்பது வருடமாக இட்லி வியாபாரம். அதிகாலை மூன்றரைக்கே வீட்டில் அடுப்பு எரியும், ஆறரை மணிக்கெல்லாம் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தையும் சட்னி வாளியையும் கட்டிக்கொண்டு பாம் பாம் என்று ஹாரன் அடித்தபடி மாட்டுங்கா, வடாலா பக்கம் கிளம்பிவிடுவார், திரும்பப் பதினொன்று ஆகும். முன்பெல்லாம் சில்லறைப் பை கனக்கும். இப்போது பாதிக்கு மேல் க்யூஆர் கோடுதான், சைக்கிள் ஹேண்டிலிலேயே அட்டை தொங்குகிறது.

அங்கேதான் சிக்கல். இப்போது வைத்திருக்கும் போன் 2017இல் என் முதல் சம்பளத்தில் வாங்கியது, 2 ஜிபி ராம், 16 ஜிபி மெமரி. பணம் வந்ததா என்று பார்க்க ஆப்பைத் திறந்தால், வந்தவர் நாலு இட்லியைத் தின்று கை கழுவிய பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். "ஹோ கயா அண்ணா", பணம் போட்டாயிற்று என்று இந்தியில் சொல்லிவிட்டு அவர் போய்விடுவார், இவரும் சரி என்று தலையாட்டிவிடுவார். போன வாரம் ராத்திரி நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில் ஒரே நாளில் 120 ரூபாய் வரவே இல்லை. இட்லி விற்கிறவருக்கு 120 ரூபாய் என்றால் என்னவென்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

எனவே தேவை இவ்வளவுதான்: ஆப் சட்டென்று திறக்க வேண்டும், வெயிலில் திரை தெரிய வேண்டும், சார்ஜ் ராத்திரி வரை நிற்க வேண்டும், திசையன்விளை அத்தையோடு வீடியோ கால் விட்டுவிட்டு வராமல் வர வேண்டும். கேமரா பற்றிக் கவலையே இல்லை, அவர் எடுக்கிற போட்டோவில் பாதி அவர் கட்டைவிரல்தான்.

நான் பார்த்தவரை: ரெட்மியில் 6.88 இன்ச் திரை, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 தடவை திரை புதுப்பிக்கும்), 5160 எம்ஏஎச் பேட்டரி, சார்ஜர் டப்பாவிலேயே வருகிறது. 4 ஜிபி ராமும் 64 ஜிபி மெமரியும் உள்ளது வெளியானபோது 8,499, 128 ஜிபி 9,499. சாம்சங்கில் 6.7 இன்ச், 5000 எம்ஏஎச், சார்ஜர் கிடையாது, 4 ஜிபி 128 ஜிபி வெளியானபோது பேங்க் ஆஃபர் சேர்த்து 9,499, 6 ஜிபி ராம் வேண்டுமென்றால் 10,999. தாளில் பார்த்தால் ரெட்மிதான் மேல் என்று தோன்றுகிறது. அப்படியானால் ஏன் ஆட்கள் சாம்சங் என்கிறார்கள்? எதை எடுக்கட்டும்?

அப்பாவையே கேட்டேன். "ஏல, இந்தப் போனுக்கு என்னல கொறச்சல்? பேசினா கேக்குல்லா" என்றார். அவர் ஓட்டு செல்லாது.


சயான்_சிங்கம்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி, ரெட்மியே எடுங்கள். பெரிய திரை, பெரிய பேட்டரி, 33 வாட் சார்ஜர் சும்மா கொடுக்கிறார்கள். சாம்சங்கில் பெயருக்குத்தான் காசு. மிச்சக் காசில் அப்பாவுக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள்.


அலைவரிசை:

ஒரு நிமிடம். யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன்: அப்பாவிடம் என்ன சிம் இருக்கிறது?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. இந்த இரண்டு போனையும் பிரிக்கிற உண்மையான கோடு அதுதான். ரெட்மி ஏ4இல் இருப்பது ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்ற சிப். விலையைக் குறைப்பதற்காக அதில் 5ஜி மோடத்தைச் சுருக்கியிருக்கிறார்கள், எஸ்ஏ என்கிற தனித்து நிற்கும் 5ஜியை மட்டும்தான் அது பிடிக்கும். என்எஸ்ஏ என்று இன்னொரு வகை இருக்கிறது, அதில் 5ஜி தன் காலில் நிற்காது, ஏற்கெனவே இருக்கிற 4ஜி கோபுரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். ஜியோ 2022 அக்டோபரில் ஆரம்பித்தபோதே எஸ்ஏ போட்டுவிட்டது. ஏர்டெல் அதே மாதம் மும்பையையும் சேர்த்து எட்டு ஊரில் ஆரம்பித்தது, ஆனால் என்எஸ்ஏவில். மொபைலுக்கு அது கொடுக்கும் 5ஜி பெரும்பாலும் இன்னும் அந்த வழியில்தான் வருகிறது.

ஆக, ஜியோ சிம் போட்டால் ரெட்மி ஏ4 5ஜி போன். ஏர்டெல் சிம் போட்டால் அதே போன் பெரும்பாலும் 4ஜி போன். கெட்டுப்போனதல்ல, ரிப்பேரும் அல்ல, கம்பெனியே என்எஸ்ஏ கிடையாது என்று சொல்லித்தான் விற்கிறது, ஆனால் டப்பா மேல் 5ஜி என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்கிற கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரிவதில்லை. சாம்சங் எஃப்06இல் இருப்பது டைமென்சிட்டி 6300. அது இரண்டையும் பிடிக்கும், 12 அலைவரிசை இருக்கிறது, ஜியோ, ஏர்டெல் எதைப் போட்டாலும் 5ஜி வரும்.

இன்னொன்று. தாராவிச் சந்துக்குள் சிக்னல் எப்படி என்று எனக்குத் தெரியும், அங்கே என் சித்தப்பா வீடு. 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3500 மெகாஹெர்ட்ஸில், அது வேகம் கொடுக்கும், ஆனால் சுவர் என்றால் சோர்ந்துவிடும். ஜியோ 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸையும் வாங்கி வைத்திருக்கிறது, அது சுவர் தாண்டி உள்ளே வரும். இரண்டு போனுமே அதைப் பிடிக்கும். எனவே வீட்டுக்குள் வீடியோ கால்தான் முக்கியம், சிம்மும் ஜியோ என்றால் நானே ரெட்மிக்குக் கை தூக்குவேன்.

சிம் என்னவென்று சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.


தொண்ணூறடி_ரோடு:

ஏர்டெல்! பதினைந்து வருடமாக அதே நம்பர். பேங்க், ஆதார், க்யூஆர் எல்லாம் அதில்தான். இரண்டாவது சிம் கிடையாது. ரீசார்ஜ் தினம் ஒன்றரை ஜிபி உள்ள பிளான்.

மூன்று நாள் வீடியோ பார்த்ததில் ஒருத்தர்கூட இதை எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லவில்லை. ஒரு வீடியோவில் 'எஸ்ஏ ஒன்லி' என்று வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போனார், நான் அதை ஏதோ மாடல் பெயர் என்று நினைத்தேன்.


சயான்_சிங்கம்:

அட, எனக்கும் இது தெரியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏர்டெலாக இருந்தால் என்ன, ஜியோவுக்கு போர்ட் பண்ணிவிடலாமே? நம்பர் மாறாது. 1900க்கு ஒரு மெசேஜ், அவ்வளவுதானே.


அலைவரிசை:

போர்ட் பண்ணலாம், தப்பில்லை. ஆனால் போனுக்காக சிம்மை மாற்றுவது செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை. அதிலும் அந்த நம்பரில் ஒரு மனிதரின் வியாபாரம் ஓடுகிறது. மாறுகிற அன்றைக்குச் சில மணி நேரம் சிக்னல் இருக்காது, புதுச் சிம் வந்ததும் பேங்க் ஆப்பெல்லாம் மறுபடி பதிவு பண்ணச் சொல்லும். அந்த வேலையெல்லாம் யார் தலையில் விழும்? மகன் தலையில்தான்.

பிளான் விஷயத்தில் எல்லோரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு ஜியோவும் சரி ஏர்டெலும் சரி, தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளானுக்குத்தான் அளவில்லாத 5ஜி என்று வைத்துவிட்டார்கள். அப்பாவின் ஒன்றரை ஜிபி பிளானில் அது கிடையாது. அப்படிப் பார்த்தால் இன்றைய தேதிக்கு அவருக்கு 5ஜியே பெரிய விஷயமல்ல. க்யூஆர் பணம் வந்ததைப் பார்க்க 4ஜி ஏகத்துக்கும் போதும்.

பிறகு ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், 2017இல் வாங்கியதை இன்றுவரை வைத்திருக்கிற மனிதர் அவர். இப்போது வாங்குவதையும் அவ்வளவு காலம் வைத்திருப்பார். நாளைக்குப் பிளான் மாறும், சிம் மாறும். எந்த சிம்முக்கும் ஒத்துவருகிற போன் கையில் இருப்பது நல்லது.


ரெண்டாம்_பிளாட்பாரம்:

நான் ஒரு குண்டு போடுகிறேன். உங்கள் பிரச்சினைக்குப் போனே தீர்வு இல்லை. சவுண்டு பாக்ஸ் வாங்குங்கள். பணம் வந்ததும் அது வாய்விட்டுச் சொல்லும், அதற்குள்ளேயே சிம் இருப்பதால் அப்பாவின் போன் செத்துக் கிடந்தாலும் வேலை செய்யும், மாதம் ஒரு சின்ன வாடகை. குர்லாவில் நான் டீ குடிக்கிற கடையில் கடைக்காரர் போனைத் தொட்டே நான் பார்த்ததில்லை.


தொண்ணூறடி_ரோடு:

யோசித்தோம் அண்ணே. சைக்கிளில் எங்கே மாட்டுவது என்பதுதான். ஒரு பக்கம் சாம்பார் வாளி, ஒரு பக்கம் சட்னி, பின்னால் பாத்திரம். தினமும் அதற்கு வேறு சார்ஜ் போட வேண்டும். மாத வாடகை என்று சொன்னதுமே அப்பா எழுந்து போய்விட்டார்.


செம்பூர்_அக்கா:

தம்பி, அந்தப் பெட்டி இல்லாமலே வழி இருக்கிறது. வியாபாரிகளுக்கென்று தனி ஆப் வைத்திருக்கிறார்கள், அதில் பணம் வந்ததைச் சத்தமாகப் படிக்கிற வசதி உண்டு. போன் கொஞ்சம் தெம்பாக இருந்தால் சட்டைப் பையில் இருந்தபடியே சொல்லிவிடும். பழைய போனில் அது திணறும், ஏனென்றால் 2 ஜிபி ராமில் பின்னணியில் எந்த ஆப்பும் உயிரோடு இருக்காது. புதுப் போனில் பேட்டரி சேமிக்கிறேன் என்று சிஸ்டமே அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று செட்டிங்கில் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் 'புதுப் போனும் சொல்ல மாட்டேன் என்கிறது' என்று திரும்ப வந்து எழுதாதீர்கள்.

நான் என் மாமனாருக்கும் அம்மாவுக்கும் போன் வாங்கிக் கொடுத்து, வாரம் ஒரு தடவையாவது "இது என்னமோ ஆயிடுச்சு பாரு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறவள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வயதானவர்களுக்கு வேகத்தைவிட அமைதி முக்கியம். திரையில் திடீரென்று எதுவும் குதிக்கக் கூடாது. ரெட்மியில் கம்பெனி ஆப்புகளுக்குள்ளேயே விளம்பரம் வரும், ஒவ்வொன்றாக அணைக்கலாம், ஒரு அரை மணி நேர வேலை. சாம்சங்கிலும் வேண்டாத ஆப் ஒரு கூடை இருக்கும், அதையும் முதல் நாளே நீக்கிவிடுங்கள். ஆனால் சாம்சங்கில் ஈஸி மோடு என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் ஐகான் எல்லாம் பெரிதாகி, எழுத்தும் பெரிதாகி, விரல் தெரியாமல் பட்டு எதையோ இடம் மாற்றிவிடுகிற தொல்லையும் குறையும். என் மாமனாருக்கு அதுதான் போட்டு வைத்திருக்கிறேன்.

ராம் பற்றி. 4+4, 8 ஜிபி என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அந்தப் பிளஸுக்குப் பின்னால் இருப்பது மெமரியிலிருந்து கடன் வாங்கியது. ராம் மாதிரி வேகமாக அது ஓடாது. மளிகைச் சாமான் சமையலறையில் இடமில்லாமல் பரணில் ஏற்றி வைப்பது போலத்தான், ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டும். உண்மையான ராம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். 64 ஜிபி மெமரி பக்கமே போகாதீர்கள், சிஸ்டம் எடுத்தது போக மிச்சத்தைக் குடும்ப வாட்ஸாப் குழு ஆறு மாதத்தில் குட்மார்னிங் வீடியோவாலேயே நிரப்பிவிடும்.

சாம்சங் எஃப்06க்கு நான்கு ஆண்ட்ராய்டு மாற்றமும் நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரெட்மி ஏ4க்கு இரண்டு ஆண்ட்ராய்டு, நான்கு வருடப் பாதுகாப்பு. பண ஆப் ஓடுகிற போனுக்கு அந்தப் பாதுகாப்பு அப்டேட்தான் பெரிது, அதில் இரண்டும் சமம். ஆனால் நான்கு ஆண்ட்ராய்டு மாறுகிற போனை 4 ஜிபி ராமில் வாங்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை, மூன்றாவது வருடம் மூச்சு வாங்கும். முடிந்தால் 6 ஜிபி எடுங்கள்.


தொண்ணூறடி_ரோடு:

அக்கா, 6 ஜிபி என்றால் 10,999. அதற்கு மேல் சார்ஜர் வாங்க ஆயிரம் வேண்டுமே? அங்கேதான் இடிக்கிறது. மாமா பையன் வேறு, சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கம் ஒருவரிடம் இதைவிட நல்ல போன் செகண்ட் ஹேண்டில் ஆறாயிரத்துக்குக் கிடைக்கிறது, பில் மட்டும் இல்லை என்கிறான்.


பழுதுக்கடை:

பில் இல்லை என்றால் வாங்காதே தம்பி. கதை முடிந்தது.

நான் 60 அடி ரோட்டில் பதினொரு வருடமாக போன் ரிப்பேர் பண்ணுகிறேன். மாதம் ஒருத்தராவது அப்படி வாங்கிய போனைக் கொண்டுவந்து, எந்த சிம் போட்டாலும் எடுக்கவில்லை என்று நிற்பார்கள். திருட்டுப்போன போனைச் சொந்தக்காரர் புகார் கொடுத்து முடக்கினால் ஐஎம்இஐ என்கிற போனின் அடையாள நம்பரே கருப்புப் பட்டியலில் போய்விடும், நான் எந்தப் பார்ட் மாற்றினாலும் சரியாகாது. யாரிடம் செகண்ட் ஹேண்ட் வாங்கினாலும் *#06# அடித்து அந்தப் பதினைந்து இலக்க நம்பரை எடுத்து, கேஒய்எம் என்று இங்கிலீஷில் மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த நம்பர், இதை 14422க்கு மெசேஜ் அனுப்பு. போன் என்ன மாடல், முடக்கப்பட்டதா என்று பதில் வரும். சஞ்சார் சாத்தி என்ற அரசாங்கத் தளத்திலும் பார்க்கலாம். விற்பவர் 'அதெல்லாம் எதுக்கு பாய்' என்று இழுத்தால் நடையைக் கட்டு.

இப்போது உன் கேள்வி. சார்ஜர் பற்றி இவ்வளவு கவலைப்படாதே. ரெட்மி டப்பாவில் 33 வாட் சார்ஜர் வருவது நிஜம், ஆனால் போன் உள்ளே இழுப்பது 18 வாட்தான், மிச்சம் வெறும் கௌரவம். சாம்சங் 25 வாட் வரை இழுக்கும், அதற்கென்று 'பிடி', 'பிபிஎஸ்' என்கிற வேகச் சார்ஜ் முறை உள்ள சார்ஜர் வேண்டும். ஆனால் அப்பா ராத்திரி எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுகிறவர். வீட்டில் கிடக்கிற 10 வாட் சார்ஜரில், டைப் சி கேபிள் ஒன்று நல்லதாக வாங்கிப் போட்டால் மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும். வேகமாக ஏறி என்ன ஆகப் போகிறது? அந்த ஆயிரத்தை ராமில் போடு. ஆனால் ரோட்டோரம் அறுபது ரூபாய்க்கு விற்கிற சார்ஜரைத் தொட்டுவிடாதே, எனக்கு வேலை வருவது பாதி அதனால்தான்.

கடையில் உட்கார்ந்து நான் பார்க்கிறதை வைத்து இன்னும் ஒன்று. ரெட்மி ஏ4க்குப் பின்பக்கம் கண்ணாடி, பார்க்க அழகு. சைக்கிளில் போகிறவர் பையிலிருந்து அது விழப்போவது உறுதி, என்றைக்கு என்பதுதான் தெரியாது. சாம்சங்கில் பின்பக்கம் பிளாஸ்டிக், கீறல் விழும், உடையாது. அப்புறம் உயரம். ரெட்மி 17 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம், சட்டைப் பையில் போட்டால் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். காலையில் தாதர் பக்கம் கூட்டத்தில் எட்டிப் பார்க்கிற போன் யார் கைக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எஃப்06உம் சின்னப் போன் இல்லை, ஆனால் அவ்வளவு நீளமில்லை.

வெயிலில் தெரிவதற்கு: இரண்டும் எல்சிடி, இரண்டும் முழு எச்டி கிடையாது. வெளிச்சம் சாம்சங் 800 நிட்ஸ், ரெட்மி 600. இரண்டுமே மே மாத வெயிலில் சுமார்தான். கையைக் குடை பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் அக்கா சொன்ன சத்தமாகப் படிக்கிற வழிதான் சரி.

மழையைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஜூன் வந்துவிட்டால் என் மேஜையில் வரிசை கட்டி நிற்பது எல்லாம் நனைந்த போன்தான். இரண்டில் எதுவும் தண்ணீரில் தாங்குகிற போன் இல்லை. நனைந்துவிட்டால் உடனே அணைத்துவிட்டு என்னிடம் வரச் சொல், அரிசி டப்பாவுக்குள் புதைக்காதே. அரிசி மாவு சார்ஜ் ஓட்டைக்குள் போய் அதை நோண்டி எடுப்பது தனி வேலை. அதுவும் உங்கள் வீட்டில் மாவுக்குப் பஞ்சமே இல்லை.


சயான்_சிங்கம்:

120 ஹெர்ட்ஸைப் பற்றி யாருமே பேசவில்லையே? ரெட்மியில் தள்ளினால் வெண்ணெய் மாதிரி ஓடும்.


பழுதுக்கடை:

வெண்ணெய் அவர் விற்கவில்லை, இட்லிதானே விற்கிறார்.


அலைவரிசை:

ஹாஹா. நியாயத்துக்குச் சொல்கிறேன், சயான் சொல்வதும் பொய்யில்லை. ரெட்மி ஏ4 மோசமான போன் கிடையாது. 4 நானோமீட்டர் சிப், உள்ளே இருப்பது யூஎஃப்எஸ் 2.2 என்கிற வேகமான மெமரி, அந்த விலைக்கு அது பெரிய விஷயம். ஜியோ சிம் வைத்திருக்கிற, இரண்டு வருடத்தில் போன் மாற்றுகிற காலேஜ் பையன் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். இங்கே கேட்டிருப்பது அவர் இல்லை.


செம்பூர்_அக்கா:

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு. 2017 போன் என்றாயே, அதில் இருப்பது மைக்ரோ சிம்மா நானோ சிம்மா என்று முதலில் பார். புதுப் போன் இரண்டிலும் நானோதான் போகும். மைக்ரோவாக இருந்தால் வெட்டலாம், ஆனால் பதினைந்து வருட சிம்மை வெட்டப் போய் அது செத்தால் வம்பு. கடையில் புது சிம் வாங்கிவிடுவது நல்லது. ஆனால் எப்போது வாங்குகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். சிம்மை மாற்றினால் முதல் 24 மணி நேரம் அந்த நம்பரில் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்க அரசாங்கம் வைத்த விதி. புதுப் போனில் யூபிஐ ஆப் பதிவு பண்ண அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயே ஆக வேண்டும். அதனால் சிம் மாற்றிய அன்றைக்கே ஆப் போட முயன்றால் 'வெரிஃபிகேஷன் தோல்வி' என்றே காட்டும், போன் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போடுவீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது, நான் அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

பயப்பட வேண்டாம், அந்த ஒரு நாளும் க்யூஆரில் பணம் வந்துகொண்டேதான் இருக்கும், அது நேராக பேங்க் கணக்குக்குப் போவது, போனுக்கு வருவதல்ல. இவரால் பார்க்கத்தான் முடியாது. அவர் வியாபாரத்துக்கு லீவு விடுகிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் சிம்மை மாற்றிவிடு.

பழைய போனைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் வாட்ஸாப் பேக்கப் எடுத்துவிடு. அதைவிட, போன் மெமரியில் மட்டும் சேமித்த நம்பர் எத்தனை இருக்கிறது என்று பார். இவர்கள் தலைமுறையில் பாதி நம்பர் அங்கேதான் இருக்கும்.


தொண்ணூறடி_ரோடு:

எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன், எஃப்06, 6 ஜிபி. நண்பன் கார்டில் ஆஃபர் இருந்ததால் 10,999க்கே முடிந்தது, கேபிளும் கவரும் தனி. சிம் மைக்ரோதான்! அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் நான் கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவர் போவதில்லை, அதனால் சனி சாயங்காலம் சிம் மாற்றி, திங்கள் காலை கிளம்புவதற்குள் ஆப் எல்லாம் போட்டு, தூங்கவிடாத செட்டிங்கையும் மாற்றிவிட்டேன். நம்பர்கள் 212 போன் மெமரியில் இருந்தன, அதில் ஒன்பது பேர் பெயர் 'இட்லி'.

திங்கட்கிழமை மாட்டுங்காவில் பையிலிருந்து சத்தம் வந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் "அது என்னல எல்லாருக்கும் கேக்க மாதிரி என் வரவு செலவச் சொல்லுது?" என்று கோபம். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவரே கூட்டி வைத்துவிட்டார்.

ஒரே ஒரு தொல்லை. கைரேகை பதியவே மாட்டேன் என்கிறது. பக்கவாட்டுப் பொத்தானில் பெருவிரலை வைத்தால் பத்துத் தடவைக்கு ஒரு தடவை எடுக்கிறது. முப்பது வருடமாக ஆவியிலும் சூட்டிலும் வெந்த விரல், ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. ரேஷன் கடையிலும் இதே கதைதான். பின் நம்பர் போடச் சொன்னால் கூட்டத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்கிறார். வேறு வழி இருக்கிறதா?


பழுதுக்கடை:

பெருவிரலை விடு. இடது கை மோதிர விரலைப் பதி, அதுதான் சூட்டில் குறைவாகப் பட்டிருக்கும். ஒரே விரலை இரண்டு தடவை, இரண்டு கைரேகை மாதிரித் தனித்தனியாகப் பதிந்து வை, ஒரு தடவை நேராக, ஒரு தடவை கொஞ்சம் சாய்த்து. பதிவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துளி தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிடு. காலையில் மாவுக் கையோடு வைத்துப் பார்க்காதே.


தொண்ணூறடி_ரோடு:

எடுத்துவிட்டது அண்ணே! ஐந்துக்கு நாலு தடவை திறக்கிறது. ஆனால் வலது கையில் கரண்டி இருக்கும்போது இடது கையால் போனை எடுக்கப் பழக வேண்டுமாம், அதற்கு ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறார்.